தோட்டத் தமிழருக்காகக் கப்பலேறிய பள்ளி ஆசிரியர்

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் போனவனுக்குக் கூலியைப் போலவே முக்கியமானது இன்னொன்று உண்டு. அவனுக்காக அதிகாரிகளிடம் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டும். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டு வெளியூரில் அலைந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். அப்படிப் பேசுவதற்கென்றே கடல் கடந்து சென்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் சென்றது 1860-ல். ஒப்பந்தக் கூலிமுறை நின்ற 1911-க்குள் சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் அங்கே போய் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒப்பந்தம் முடிந்த பின் பலர் அந்த மண்ணிலேயே தங்கிக் காய்கறி பயிரிட்டும், சிறு கடை வைத்தும் பிழைத்தார்கள். வெள்ளையர் அரசுக்கு இது பொறுக்கவில்லை. இந்தியர் குடியிருக்கவும் வியாபாரம் செய்யவும் தனி ஒதுக்கிடம் வகுக்க 1925-ல் ஒரு மசோதா கொண்டுவந்தது.

சாஸ்திரியார் 1869 செப்டம்பர் 22-ம் தேதி அன்றைய தஞ்சை ஜில்லா வலங்கைமானில், ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் பி.ஏ. படித்து, மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியர் வேலை பார்த்தார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். 1907-ல் அந்த வேலையை உதறிவிட்டு, கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். சங்கம் தரும் சொற்பப் படியில் காலம் தள்ள வேண்டிய வாழ்க்கை அது. 1915-ல் கோகலே மறைந்ததும் சங்கத்தின் தலைமை இவரிடம் வந்தது.

1921-ல் லண்டன் சாம்ராஜ்ய மாநாடு, ஜெனிவா சர்வதேச சங்கம், அதைத் தொடர்ந்து வாஷிங்டன் கடற்படை மாநாடு என்று உலக மேடைகளில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று அங்குள்ள இந்தியருக்கு உரிமை கேட்டார். மற்ற நாட்டுத் தூதர்களுக்குப் பின்னால் படையும் கப்பலும் இருந்தன. அடிமை நாட்டின் தூதரான இவருக்கு இருந்ததெல்லாம் கேட்டவர்களைக் கட்டிப்போடும் ஆங்கிலப் பேச்சுதான்.

1927-ல் கேப்டவுன் ஒப்பந்தம் உருவாவதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. ஒதுக்கிட மசோதா கைவிடப்பட்டது. தங்கிவிட்ட இந்தியரின் கல்வியையும் வாழ்க்கையையும் உயர்த்த அந்த அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் அதே ஒப்பந்தத்தில் ஒரு கசப்பும் இருந்தது. தாமாக நாடு திரும்ப இசைபவருக்குக் கப்பல் செலவும், பெரியவர் ஒருவருக்கு 20 பவுனும் என்று ஏற்பாடு. அதை வாங்கிக்கொண்டு வந்தவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில் காலூன்ற முடியாமல் தவித்தார்கள்.

அந்த ஒப்பந்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, காந்தியடிகளின் வற்புறுத்தலின் பேரில், இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாகச் சாஸ்திரியார் 1927-ல் அங்கே சென்றார். அப்போது வயது ஐம்பத்தேழு, உடல்நிலையும் சரியில்லை. ஒதுக்கிட மசோதா போனாலும் ரயில், டிராம், ஹோட்டல் என்று எங்கும் நிற பேதம் நீங்கவில்லை. ஊர் ஊராகப் போய் வெள்ளையர் சபைகளிலேயே இந்தியருக்காக வாதாடினார். கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் 1928-ல் அவர் பேசிய கூட்டத்தில் ஒரு கும்பல் புகுந்து கலவரம் செய்தது. அவர் பேசுவதை நிறுத்தவில்லை.

இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்புப் படிக்கவும் ஆசிரியர் பயிற்சி பெறவும் டர்பன் நகரில் ஒரு பள்ளி வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். இந்தியர்களிடமே நன்கொடை திரட்டினார். கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்காக எழுந்த அந்தச் சாஸ்திரி கல்லூரி 1929-ல் திறக்கப்பட்டது. அதற்குள் அவர் தாயகம் திரும்பியிருந்தார். சர்க்கார் கொடுக்க முன்வந்த சர் பட்டத்தையும் வேண்டாம் என்று மறுத்தார்.

1936-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, தோட்டத் தொழிலாளர் நிலையை விசாரிக்க மலாயா சென்றார். அவருடைய அறிக்கை நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அங்குள்ள இந்தியர் பலர் குறைப்பட்டார்கள். ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்ததற்காகத் தாயகத்திலும் ஏச்சு வாங்கியவர் அவர். ஆங்கிலேயரின் நியாய புத்தியை அளவுக்கு மீறி நம்பினார் என்று சொல்வதில் தவறில்லை.

1946 ஏப்ரல் 17-ம் தேதி சென்னையில் காலமானார். இரண்டு மாதம் முடிவதற்குள், இந்தியரின் நில உரிமையையும் குடியிருப்பையும் கட்டுப்படுத்தும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் நிறைவேறியது. அவர் பேசித் தடுத்தது வேறு உருவில் வந்துவிட்டது. அந்தச் சட்டமும் நிறவெறி ஆட்சியும் பின்னாளில் ஒழிந்தன. டர்பனில் சாஸ்திரியார் பெயர் தாங்கிய பள்ளியில் மட்டும் பிள்ளைகள் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.