ஏழைக்குக் கதவு திறந்தவர்

(இரண்டாமாண்டு, விலங்கியல்)

என் சின்னப் பாட்டி நான்காம் முறை கருவுற்றபோது, யாரோ அரைத்துக் கொடுத்த மருந்தைக் குடித்து மூன்றாம் நாள் இறந்துபோனாராம். டாக்டரிடம் செல்லக் கையில் காசில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம் நூலகத்தில் அனூரின் பெவன் என்ற பெருமகனின் வரலாற்றைப் படித்தபோது, முகம் அறியாத அந்தப் பாட்டியின் நினைவே எனக்கு வந்தது.

பெவன் 1897 நவம்பர் 15 அன்று, பிரிட்டனில் வேல்சு நாட்டு டிரெடீகர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுத் தானும் சுரங்கத்தில் இறங்கினார். திக்குவாய் வேறு! ஆயினும் நூலகத்தில் படித்துப் படித்து, மேடையில் பேசிப் பேசி, நாவன்மை மிக்கவரானார். 1925இல் அவர் தந்தை நிலக்கரித் தூசு நுரையீரலை அரிக்க, மகனின் கைகளிலேயே உயிர் விட்டார். இழப்பீடு ஒரு காசும் கிடைக்கவில்லை.

அவ்வூர்த் தொழிலாளர்கள் தம் வாரக் கூலியில் சில பென்சுகளை ஒரு சங்கத்தில் செலுத்தினர். அந்தப் பொதுப் பணத்தில் குடும்பத்தார் அனைவரும் மருத்துவம் பெற்றனர். இவ்வித்தே பின்னாளில் ஆலமரமாயிற்று. 1929இல் நாடாளுமன்றம் புகுந்த பெவன், 1945இல் சுகாதார அமைச்சரானார். மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சிலவற்றில் அவர் விட்டுக்கொடுத்தார், அடிப்படையை விட்டுக்கொடுக்கவில்லை. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது. ஆம்! வரிப்பணத்தில் அனைவர்க்கும் மருத்துவம்! 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முனைந்தபோது, அமைச்சர் பதவியையே துறந்தார்.

1960 ஜூலை 6 அன்று பெவன் மறைந்தார். அந்நாளில் பிரிட்டனில் கருக்கலைப்பு பெரும்பாலும் குற்றமே. வசதி படைத்த பெண்கள் பெருந்தொகை கொடுத்து நல்ல மருத்துவரை நாடினர். ஏழைப் பெண்கள் மறைவிடங்களில் உயிரைப் பணயம் வைத்தனர். 1967இல் இயற்றப்பட்ட சட்டம், வட அயர்லாந்து நீங்கலாக, இரு மருத்துவர்களின் ஒப்புதலுடன் கருக்கலைப்புக்கு இடம் தந்தது. தொடக்கத்தில் பல ஊர்களில் மருத்துவர்கள் தயங்கியதால், பெண்கள் பணம் கொடுத்தே செல்ல நேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் பெவன் அமைத்த வழி இருந்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய எல்லாக் கருக்கலைப்புகளும் அரசுச் செலவிலேயே நடைபெறுகின்றன.

அமெரிக்காவில் நடந்ததோ வேறு. 1973இல் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையை அளித்தது. 1976இலேயே நாடாளுமன்றம், சில விலக்குகள் தவிர, ஏழைகளின் மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து இதற்கு மத்திய அரசின் பணம் செல்லாதபடி தடுத்தது. உரிமை எல்லார்க்கும், பயனோ பணமுள்ளவர்க்கு! 2022இல் அந்த உரிமையும் பறிபோயிற்று.

நம் நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் வந்தது 1971இல். என் சின்னப் பாட்டி இறந்தது 1983இல். சட்டம் இருந்தது, அவருக்கு எட்டும் தொலைவில் காசு கேளாத ஒரு கதவு இல்லை.

மாணவ நண்பர்களே! சட்டம் எழுதுவோர் பலர். அதனை ஏழையின் வாசல்வரை கொண்டுசெல்லப் பொதுப்பணம் வேண்டும். அதற்கு வழி செய்தவர், படிப்பைப் பாதியில் விட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி. படிக்கும் வாய்ப்புப் பெற்ற நாம் என்ன செய்யப் போகிறோம்?