திகதி தெரியாத நிரலும் எட்கார் கொட் என்ற மனிதரும்

இறந்தவர் வேறு, காணாமல் போனவர் வேறு. எங்கள் கரையோரத்தில் இதை யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. கணினிக்குத்தான் படிப்பிக்க வேண்டியிருந்தது. அதற்காக நெடுங்காலம் மல்லுக்கட்டியவர் எட்கார் பிராங் கொட்.

1923 இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் பிறந்தார். ஒக்ஸ்போர்டில் கணிதமும் இரசாயனமும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை விமானி. 1948 இல் அமெரிக்கா போய் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையைப் பொறுக்காமல் 1953 இல் கனடாவுக்குப் போய், சில வருடங்களின் பின்னரே திரும்பினார். போரைக் கண்ட மனிதர் அல்லவா!

அக்காலத்தில் ஒரு தகவலை எடுக்க, அது கணினிக்குள் எந்த வழியில் கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1970 இல் கொட் எழுதிய கட்டுரை அதை மாற்றியது. எல்லாவற்றையும் நிரை, நிரல் கொண்ட அட்டவணைகளாக வையுங்கள்; என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படித் தேடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். பழைய முறையில் நல்ல வருமானம் பார்த்த ஐ.பி.எம். அவசரப்படவில்லை. 1974 இல் அங்கேயே சேம்பர்லினும் பொய்ஸும் வினவல் மொழியொன்றை அறிமுகம் செய்தார்கள். அதுதான் இன்றைய எஸ்.கியூ.எல். ஆனால் 1979 இல் அதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது, பின்னர் ஒரக்கிள் எனப் பெயர் மாறிய சிறு நிறுவனம். கொட்டுக்கு அந்த மொழியில் முழுத் திருப்தி இருக்கவில்லை. 1981 இல் டியூரிங் விருது பெற்றார். 1985 இல் அவர் வெளியிட்ட விதிகளில் மூன்றாவது, தெரியாத தகவலைப் பூச்சியமாகவோ வெற்று எழுத்தாகவோ கருதக்கூடாது என்கிறது.

சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். போரில் காணாமல் ஆக்கப்பட்டோர் கணக்கு வேறு. அப்படியான பட்டியல்களை வாசிக்கத்தான் நான் இந்தக் கட்டளைகளைப் படிக்கத் தொடங்கினேன். முதல் பத்து நிரைகளை எடுக்க மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் 'லிமிட்', மைக்ரோசொப்டின் சேர்வரில் 'டொப்'. இவை அற்ப வித்தியாசங்கள். ஆனால் இறந்த திகதி 'நல்' லுக்குச் சமமா என்று கேட்டால் ஒரு பெயரும் வராது. 'இஸ் நல்' என்றே கேட்க வேண்டும். தெரியாத ஒன்று இன்னொன்றுக்குச் சமம் என்று எப்படிச் சொல்வது? ஒரக்கிளோ வெற்று எழுத்தையும் 'நல்' ஆகவே எடுக்கும். கொட்டின் விதிக்கு அது நேர்மாறு.

கொட் 2003 ஏப்ரலில் காலமானார். 20 மாதங்களில் சுனாமி வந்தது. காணாமல் போனோரைப் பதிய இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹனா' மென்பொருள் மைஎஸ்கியூஎல்லில்தான் ஓடியது.