நாகையா நடித்த "தியாகையா": மறுபடியும் எடுத்தது சரியா?

திருத்தணிக்கு அருகே பொதட்டூர்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. நெசவாளர்கள் நிறைந்த ஊர். ஆந்திர எல்லை மிகப் பக்கம். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான் இந்த வட்டாரம் நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதுவரை சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இந்தப் பக்கத்து மக்களுக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும்.

அந்தச் சித்தூரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் சித்தூர் நாகையா. நல்ல பழைய படங்களை மறுபடியும் எடுக்கலாமா, கூடாதா என்று இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் நாகையாவின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

மேடையிலிருந்து சினிமாவுக்கு

நாகையா 1904-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி குண்டூர் ஜில்லா ரேபள்ளையில் பிறந்தார். ஆனால் வளர்த்துப் பெயர் கொடுத்தது சித்தூர். அங்கே நாடக மேடையில் பாடி நடித்தார். நல்ல சாரீரம். முகத்தில் எப்போதும் ஒரு சாந்தம்.

1938-ல் "கிருஹலட்சுமி" என்ற தெலுங்குப் படத்தில் நடித்தார். அடுத்த ஆண்டு "வந்தேமாதரம்" வந்தது. அதோடு அவர் பெயர் எங்கும் பரவியது. தமிழ் ரசிகர்களும் அவரை விடவில்லை. 1941-ல் பாகவதரின் "அசோக்குமார்" படத்தில் அசோகச் சக்கரவர்த்தியாக வந்தார். 1945-ல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் "மீரா"வில் ராணாவாக வந்தார். பக்த போதனாவாக நடித்தபோது, ஜனங்கள் அவரை நடிகர் என்றே எண்ணவில்லை. பக்தர் என்றே எண்ணினார்கள்.

தானே எல்லாம்

1946-ல் வந்தது "தியாகையா". திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் சரித்திரம். படத்தைத் தயாரித்தவர் நாகையா. டைரக்ட் செய்தவர் நாகையா. சங்கீதம் அமைத்தவரும் அவரே. தியாகராஜராக நடித்துப் பாடியவரும் அவரே! ராஜா அழைத்தும் போகாமல், பொன்னும் பொருளும் வேண்டாம் என்று ராமனையே பாடியவர் சுவாமிகள். அந்த வேடம் நாகையாவுக்கு வேடமாக இல்லை. அடுத்த ஆண்டே "யோகி வேமனா"வும் வந்தது.

பணம் மழைபோல் வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். சொந்தப் படம் எடுத்தும் நஷ்டப்பட்டார். கடைசிக் காலத்தில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துத்தான் வாழ வேண்டியிருந்தது. 1961-ல் "பாவமன்னிப்பு" படத்தில் சிவாஜியை வளர்க்கும் இஸ்மாயிலாக வந்தாரே, நினைவிருக்கிறதா? 1965-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. 1973-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி சென்னையில் காலமானார்.

மறுபடியும் தியாகையா

1980-ல் "சங்கராபரணம்" வெளிவந்து தமிழ்நாட்டிலும் சக்கைப்போடு போட்டது. அதில் நடித்த சோமயாஜுலுவை வைத்து, 1981-ல் டைரக்டர் பாபு "தியாகய்யா" படம் எடுத்தார். பாபு பெரிய சித்திரக்காரர். ஒவ்வொரு காட்சியும் படம் வரைந்ததுபோல் இருக்கும். சோமயாஜுலுவும் லேசான நடிகர் அல்ல.

ஆனால் இதில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். நாகையாவின் படத்தில் பாட்டும் கண்ணீரும் ஒரே ஆளிடமிருந்து வந்தன. அதை இரண்டாம் தரம் எப்படி எடுப்பது?

அதற்காக, மறுபடியும் எடுப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. நாகையாவே அதைச் செய்திருக்கிறார்! பத்ராசலம் ராமதாசர் கதை 1933-லேயே சினிமாவாக வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1964-ல் அவர் "ராமதாசு" எடுத்து, அறுபது வயதில் தானே ராமதாசராக நடித்தார். அதே கதை 2006-ல் நாகார்ஜுனா நடித்து மறுபடியும் வந்தது. அந்தந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்கள் காலத்துப் படத்தில் ராமதாசரைத் தெரிந்துகொண்டார்கள். இது லாபம்தானே!

நம் தமிழிலும் பாருங்கள். 1940-ல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த "உத்தம புத்திரன்" கதையை 1958-ல் சிவாஜி நடித்தார். அது அண்ணன் தம்பி ஆள்மாறாட்டக் கதை. யார் திறமையாக நடித்தாலும் நிற்கும். பாட்டுக்கும் பக்திக்கும் பெயர் போன படம் அப்படியல்ல.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். நாளானால் பொடிந்து போகும். பழைய படங்களைக் காப்பாற்றப் புனாவில் அரசாங்கம் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். அதற்குள் எத்தனையோ படங்கள் அழிந்துவிட்டன. மூலப்படம் பத்திரமாக இருந்தால், பத்துப் பேர் மறுபடியும் எடுக்கட்டும். பார்க்கிறவன் இரண்டையும் பார்த்துத் தானே தீர்ப்புச் சொல்வான். மூலம் போய் நகல் மட்டும் மிஞ்சினால், நாகையா எப்படிப் பாடினார் என்று பேரப்பிள்ளைக்கு யார் காட்டுவது?

சென்னை தியாகராய நகர் பனகல் பூங்காவில் நாகையாவுக்குச் சிலை வைத்தார்கள். சிலை பாடாது. பாடும் நாகையா பிலிம் சுருளில்தான் இருக்கிறார்.