வால்சந்த் ஹீராசந்த்: கப்பலோடு கப்பலதிகாரிகளையும் தேடியவர்

சோலாப்பூர் நகரில் குடியேறி வணிகம் செய்துவந்த குஜராத்தித் திகம்பர ஜைனக் குடும்பமொன்றில், 1882-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் வால்சந்த் பிறந்தார். தந்தையார் ஹீராசந்த் தோஷி. பருத்தி வாணிபமும் கொடுக்கல் வாங்கலும் அக்குடும்பத்தின் தொழில்கள். பின்னாளில் கப்பல், விமானம், மோட்டார் வாகனம் ஆகிய மூன்று பெருந்தொழில்களுக்கும் இந்தியாவில் முன்னோடியாக விளங்கியவர் என்று நாடு அவரைப் போற்றியது. அவர் நிறுவிய ஆலைகளைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வாலைகளில் பணிபுரியத் தேவையான திறனுடைய மனிதர்கள் எங்கிருந்து வந்தனர், அவர்களை உருவாக்குவதில் அரசின் பங்கு யாது, தொழில் நடத்துவோரின் பங்கு யாது என்பது அவருடைய வாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதியாகும். நம் இளைஞர்களின் எதிர்காலத்தைக் கருதும் நமக்கு அப்பகுதியே பெரிதும் பயன் தருவது.

பம்பாயில் கல்லூரிக் கல்வியைத் தொடங்கிய வால்சந்த் அதனை முடிக்காமலேயே குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். ஆனால் அதில் அவர் மனம் ஒன்றவில்லை. இரயில்வேயில் எழுத்தராக இருந்து ஒப்பந்தக்காரரான லட்சுமணராவ் பாட்டக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, இருப்புப்பாதைப் பணிகளை ஏற்றார். பார்சி சிற்றிரயில் பாதைப் பணி அவர்களுக்குக் கிட்டிய முதல் வாய்ப்புகளுள் ஒன்று. பணி அறிந்தவர் பாட்டக். முதல் திரட்டவல்லவர் வால்சந்த். பொருளும் திறனும் கைகோக்காவிடில் எத்தொழிலும் நிலைபெறாது என்னும் பாடத்தை அவ்விளம் பருவத்திலேயே அவர் கற்றிருக்க வேண்டும். பிற்காலத்தில் போர்க் கணவாயில் மலையைக் குடைந்து இரயில் சுரங்கப்பாதைகள் அமைத்ததும், 1926-இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் கட்டுமான நிறுவனமும் அவ்வழியில் விளைந்தவை.

1919-ஆம் ஆண்டு குவாலியர் மன்னருக்கு உரிய கப்பலொன்று விலைக்கு வந்தது. நரோத்தம் மொரார்ஜி, லல்லுபாய் சாமல்தாஸ், கிலாசந்த் தேவ்சந்த் ஆகியோருடன் சேர்ந்து வால்சந்த் அதனை வாங்கினார். சிந்தியா கப்பல் நிறுவனம் பிறந்தது. லாயல்டி என்னும் பெயருடைய அக்கப்பல் ஏப்ரல் 5-ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்றளவும் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தூத்துக்குடியில் 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் 1911-இல் கலைக்கப்பட்டதை அறிந்தோர்க்கு, இப்பயணம் எத்தகைய துணிவுச் செயல் என்பது விளங்கும். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்ட காலம் அது.

கட்டணப் போட்டியைப் பொறுமையால் தாங்கலாம். பொறுமையால் மட்டும் தீராத குறை வேறொன்று இருந்தது. கொங்கணம், கோவா, சிட்டகாங் முதலிய கரைகளைச் சேர்ந்த இந்திய மாலுமிகள் தலைமுறை தலைமுறையாக அயலார் கப்பல்களில் உழைத்து வந்தனர். ஆயினும் கப்பலைச் செலுத்தும் அதிகாரியாகவோ மீகாமனாகவோ ஆவதற்குரிய பயிற்சியும் சான்றிதழும் பெற இந்நாட்டில் வழியில்லை. எனவே இந்தியர் பணத்தில் வாங்கிய சிந்தியா கப்பல்களையும் தொடக்கத்தில் ஐரோப்பிய அதிகாரிகளே செலுத்தினர். கப்பல் நம்முடையது, அதை ஓட்டும் அறிவு நம்முடையதன்று என்னும் நிலை அது.

இக்குறையை நீக்க மத்திய சட்டசபையில் குரல் எழுப்பியவர் ஒரு தமிழர். சர் பி.எஸ்.சிவசாமி ஐயர் 1922-ஆம் ஆண்டு சனவரியில், இந்தியர்க்குக் கப்பலதிகாரிப் பயிற்சி அளிப்பது குறித்து ஆராயக் குழு அமைக்க வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். அதன் பயனாக 1923-இல் இந்திய வணிகக் கப்பற்குழு அமைந்தது. சிந்தியாவின் நிறுவனர்களுள் ஒருவரான லல்லுபாய் சாமல்தாஸ் அதில் உறுப்பினரானார். குழுவின் முதன்மைப் பரிந்துரைகள் இரண்டு. இந்திய இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிக் கப்பல் வேண்டும் என்பது ஒன்று. கரையோரக் கப்பல் வாணிபத்தைப் படிப்படியாக இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

அரசு முன்னதை ஏற்றது, பின்னதை ஏற்கவில்லை. 1904-இல் கட்டப்பட்ட டஃபரின் என்னும் பழைய படைவீரர் கப்பல் பள்ளியாக மாற்றப்பட்டு, 1927-இன் இறுதியில் பம்பாய் மஜகான் கரையருகே முதல் மாணவர்களை ஏற்றுக்கொண்டது. மூன்றாண்டுப் பயிற்சி. 1935 முதல் எந்திரப் பிரிவுக்கும் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். ஆனால் பள்ளிக் கப்பலில் தேறியவுடன் ஒருவர் அதிகாரியாகிவிட முடியாது. மேலும் சில ஆண்டுகள் உண்மையான வணிகக் கப்பலில் தொழில் பழகுநராகக் கடலில் உழைத்த பின்னரே தகுதித் தேர்வு எழுத இயலும். அந்த இடத்தைத் தருவது யார்? நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் அரசு பாடம் கற்பிக்கலாம். புயலில் பழகுவதற்கு ஓடுகின்ற கப்பல் வேண்டுமல்லவா?

இவ்விடத்தில்தான் சிந்தியா நிறுவனத்தின் பணி சிறந்து நின்றது. டஃபரினில் தேறிய இளைஞர்களுக்குத் தன் கப்பல்களில் அது இடமளித்தது. தகுதி பெற்றபின் பதவியும் அளித்தது. 1929-இல் நரோத்தம் மொரார்ஜி மறைந்தபின் நிறுவனத்தின் தலைமையை ஏற்ற வால்சந்த் அக்கொள்கையைத் தொடர்ந்தார். அரசு தந்த பள்ளியும், தொழில் நிறுவனம் தந்த பணியிடமும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. டஃபரினின் முதல் அணியில் பயின்றவருள் ஒருவர் செங்கல்பட்டில் பிறந்த ஆர்.டி.கட்டாரி. இவரே 1958-இல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். வணிகக் கப்பலுக்கென இட்ட வித்து நாட்டின் காவலுக்கும் கனி தந்தது.

இதே முறையை வால்சந்த் வானூர்தித் தொழிலிலும் கையாண்டார். 1939-இல் பசிபிக் கடலைக் கடக்கும் விமானப் பயணத்தில் வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரைச் சந்தித்தார். விமானத் தொழிற்சாலை அமைக்கும் எண்ணம் அங்கு உருப்பெற்றது. மைசூர் சமஸ்தானத்தின் திவான் சர் மிர்சா இஸ்மாயில் அதனை வரவேற்றார். சமஸ்தானம் 25 இலட்சம் ரூபாயும் 700 ஏக்கர் நிலமும் வழங்கியது. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனம் பதிவாயிற்று. அடுத்த ஆண்டிலேயே அங்கே பயிற்சி விமானமொன்று பொருத்தப்பட்டுப் பறந்தது. அமெரிக்க வல்லுநர்களோடு தோளோடு தோள் நின்று உள்ளூர்த் தொழிலாளர் வேலை கற்றனர். அருகிருந்த இந்திய அறிவியற் கழகத்திலும் 1942-இல் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பெற்றது.

அவ்வாண்டு ஏப்ரலில், போர் நெருக்கடி காரணமாக, அரசு வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு நிர்வாகத்தை ஏற்றது. தாம் கனவு கண்டு எழுப்பிய ஆலையை ஈராண்டு நிறைவதற்குள் விட்டு வெளியேற நேர்ந்தது எளிய இழப்பன்று. எனினும் அங்கு விதைத்த திறன் அழியவில்லை. 1951-இல் இந்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட எச்.டி.2 பயிற்சி விமானம் அவ்வாலையிலிருந்தே வானில் ஏறியது. உடைமை கைமாறியது, கற்ற கைகள் கற்றவையாகவே இருந்தன.

விசாகப்பட்டினத்தின் வரலாறும் இத்தகையதே. 1941 ஜூன் 21-இல் இராஜேந்திர பிரசாத் அங்குக் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த ஏப்ரலில் ஜப்பானியர் அந்நகர்மீது குண்டு வீசினர். பணி தடைப்பட்டது, முயற்சி கைவிடப்படவில்லை. 1948 மார்ச் 14-இல் ஜல உஷா என்னும் கப்பலைப் பண்டித நேரு கடலில் இறக்கி வைத்தார். 1952-இல் அத்தளத்தின் பெரும்பங்கை அரசு ஏற்றது.

1949-இல் பக்கவாதத்தால் தாக்குண்ட வால்சந்த் அடுத்த ஆண்டு பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். குஜராத்தின் சித்தபுரத்தில் 1953 ஏப்ரல் 8-ஆம் நாள், மனைவியார் கஸ்தூரிபாய் உடனிருக்க, இயற்கை எய்தினார். சாங்லி நகரில் 1947-இல் தொடங்கப்பெற்ற பொறியியற் கல்லூரி, 1955 முதல் அவர் பெயரைத் தாங்கி இளைஞர்களைப் பயிற்றி வருகிறது.

இவ்வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? பயிற்சிக்கூடம் அமைப்பது அரசால் இயலும். ஆனால் பயின்றவனுக்குத் தன் பட்டறையில் இடமளித்து, பிழை செய்யவும் திருத்திக்கொள்ளவும் பொழுது தருவது தொழில் நடத்துவோரால் மட்டுமே இயலும். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் இக்கடமையைத் தொழில் நிறுவனங்கள்மீது சுமத்தியது. அச்சட்டத்திற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சிந்தியா கப்பல்கள் அதனைச் செய்து காட்டின. உழவும் ஆசிரியப் பணியும் போற்றி வந்த நம் தமிழ்ச் சமணக் குடும்பங்களில், இன்று தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியற் கல்லூரிகளிலும் தேறிய இளைஞர்கள் பலர் உள்ளனர். சான்றிதழ் கையில் உண்டு; பழகும் இடமே அரிது. சொந்தத் தொழில் நடத்தும் நம் பெரியோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் இளைஞரையேனும் பழகுநராக ஏற்றால், அவ்வரிமை குறையும். ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் எனத் தானங்கள் நான்கினை நம் முன்னோர் வகுத்தனர். கைத்தொழிலைக் கற்பித்து ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்வதும் சாத்திர தானத்தின்பாற் பட்டதே. அதனை இத்திருநாளில் தொடங்குவோமாக.