தேசபக்தர் கோ. நடேசய்யர்

நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அடியார் கூட்டம் தேயிலைத் தோட்டங்களினூடே தடையின்றிச் செல்கின்றது. அத்தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தொழிலாளியைக் காணச் சென்ற சங்கத்தவரோ ஒரு காலத்திற் குற்றவாளியாகக் கருதப்பட்டார். அந்நிலையை எதிர்த்து நின்ற பெரியோருள் முதல்வைத்து எண்ணத்தக்கவர் காலஞ்சென்ற கோ. நடேசய்யர் அவர்கள். அன்னாரது சரிதத்தை எமது மாணவர் அறிதல் நன்றென எண்ணி இங்கு சுருங்கக் கூறுகின்றோம்.

தஞ்சைத் தரணியினின்று இலங்கை போந்த ஐயரவர்கள் தோட்டங்களின் நிலையை நேரிற் காண விழைந்தார். அந்நியர் உட்புக அனுமதி இல்லாமையாற் புடைவை வியாபாரி போல வேடம் பூண்டு லயங்களுக்குட் சென்றார். பின்னர்க் கொழும்பிலே ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்னும் பத்திரிகைகளை நடாத்தினார். 1925-ஆம் ஆண்டிற் சட்டசபை அங்கத்தவரானார்.

அக்காலச் சட்டத்தின் இயல்பை ஈண்டு நோக்குதல் வேண்டும். அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடும் விதிகள் 1921-ஆம் ஆண்டில் ஒழிந்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் அதன்பொருட்டு உழைத்தவராவர். ஆயினும், அத்துமீறிப் பிரவேசித்தல் என்னுங் குற்றம் எஞ்சி நின்றது. லயம் துரைக்குரிய நிலமாதலின், அவர் அனுமதியின்றி வந்த விருந்தினரும், வேலை நீக்கப்பட்டும் வெளியேறாத தொழிலாளியும் ஒருங்கே குற்றவாளிகளாயினர்.

1931-இல் ஐயரவர்கள் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டிசைத்து மக்களைத் திரட்டினார். 1936-இல் அட்டன் தொகுதியினின்று அரசாங்க சபை சென்ற ஐயரவர்கள், தோட்டத்துட் சென்று சங்கம் அமைக்கும் உரிமைக்காக வாதாடினார். ஒருவன் உறங்கி எழும் இடம் அவன் இல்லமே; ஆங்கு அவனை நாடி வருவோன் கள்வனல்லன் என்பதே அவ்வாதத்தின் உட்பொருளென நாம் கொள்கின்றோம்.

1946-இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில் வெளியேற மறுத்த தொழிலாளர்மீது இக்குற்றமே சாட்டப்பட்டது. அதன்பொருட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் எழுந்தது. மறு ஆண்டு நவம்பரில் ஐயரவர்கள் மறைந்தார். 1950-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், இலங்கைத் தோட்டக் குடியிருப்பு வழக்கொன்றில், தன் உறைவிடத்தைக் காக்கும் நோக்குடன் நேர்மையாகத் தங்கியிருப்பவன், பிறர்க்கு அதனால் எரிச்சல் உண்டாகும் என்று அறிந்திருந்தான் என்பது கொண்டு மட்டும் குற்றவாளியாகான் எனத் தீர்த்தது.

ஐயரவர்கள் அத்தீர்ப்பைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியதையும் அவர் கண்டிலர். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இலேயே நிறைவேறிற்று. தாம் பிறந்த லயத்து மண்ணுக்கு உறுதி பெறாதார் இன்றும் பலர் உளர். சட்டங் கற்கப் புகும் எமது இளைஞர், ஐயரவர்கள் விட்டுச் சென்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பதை உளங்கொள்வாராக.