எடையில்லாத முள்

சி.ஆர்.ஓ. என்றதும் நம்மில் பலருக்கு ரெக்கார்டு நோட்டில் வரைந்த பிளாக் டயகிராமும், வைவாவில் முழித்த முழியும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன வருஷம் நம்ம லேப் பெஞ்சுக்கு 200 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் வாங்கலாமா என்று பார்க்க ஒன்றை டெமோவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைச் சோதித்த நாட்களில் சாருக்குக் கூடமாட நின்றவன் நான். இந்தச் சாமானுக்கு மூலவர் யார் என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். பெயர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன்.

1850 ஜூன் 6ஆம் தேதி ஜெர்மனியில் ஃபுல்டா என்ற ஊரில் பிறந்தவர். பெர்லினில் 1872ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவ்வளவு படித்தவர் 1874ல் லைப்சிக் நகரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் போனார். சிறுவர்களுக்காக ஓர் அறிவியல் புத்தகம்கூட எழுதியிருக்கிறார். அதே 1874ல்தான், சில உலோக சல்ஃபைடு படிகங்களின் மேல் கம்பி முனையை வைத்தால் மின்னோட்டம் ஒரு பக்கமாகத்தான் நன்றாக ஓடுகிறது என்று எழுதினார். நாம் முதல் வருஷம் படிக்கிற டயோடுக்குத் தாத்தா அது! அன்றைக்கு அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கிரிஸ்டல் ரேடியோவுக்கு அதுவே உயிர்நாடி ஆயிற்று.

அப்புறம் பல ஊர்ப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்து, 1895ல் ஸ்ட்ராஸ்பர்க் இயற்பியல் கழகத்துக்குத் தலைவரானார். அந்த ஊர் அப்போது ஜெர்மனியிடம் இருந்தது.

அந்தக் காலத்து இன்ஜினியர்களுக்கு ஒரு பெரிய தலைவலி. மாறுதிசை மின்னோட்டம் வந்துவிட்டது. ஆனால் அது எந்த வடிவத்தில் மாறுகிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. மீட்டர் முள்ளுக்கு எடை உண்டு. வினாடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்பச் சொன்னால் அது நடுங்கிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். முள்ளுக்குப் பதில் சின்னக் கண்ணாடியைக் கம்பியில் தொங்கவிட்டு ஒளியை ஆட வைக்கும் கருவியும் வந்திருந்தது. என்ன இருந்தாலும் கண்ணாடிக்கும் எடை உண்டே!

பிரவுன் 1897ல் எதிர்மின்கதிரையே முள்ளாக ஆக்கிவிட்டார். நீளமான கண்ணாடிக் குழாய், நடுவில் ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, கடைசியில் ஒளிரும் பூச்சு பூசிய மைக்கா பலகை. பக்கத்தில் ஒரு காயில். காயிலில் மின்னோட்டம் மாற மாற ஒளிப்புள்ளி மேலும் கீழும் ஓடும். எலக்ட்ரானுக்கு எடை இல்லை என்றே சொல்லிவிடலாம். குறுக்கே இழுக்கும் ஸ்வீப் அவர் குழாயில் கிடையாது. சுழலும் கண்ணாடியில் பார்த்துத்தான் அலையை விரித்தார். நேர அச்சைக் குழாய்க்குள்ளேயே கொண்டுவந்தது 1899ல் அவருடைய உதவியாளர் ஜென்னெக். குழாய்க்கு பிரவுன் பேட்டன்ட் வாங்கவில்லை. எப்படிச் செய்வது என்று எழுதி வெளியிட்டுவிட்டார், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மினி புராஜெக்ட்டில் ஒரு வேகமான கேட் ஐ.சி. போட்டிருந்தேன். அவுட்புட் எழும்ப 3 நானோ செகண்ட் ஆகவேண்டும். நம்ம பழைய 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வில் கிட்டத்தட்ட 18 நானோ செகண்ட் காட்டியது. ஐ.சி. போச்சு என்று மூன்று தடவை மாற்றினேன். கைக்காசு! 0.35ஐ பேண்ட்வித்தால் வகுத்தால் அந்தக் கருவியே எழும்ப எடுக்கும் நேரம் வரும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு 17.5 நானோ செகண்ட். ஐ.சி.மேல் தப்பே இல்லை, நான் பார்த்ததே சி.ஆர்.ஓ.வின் சோம்பலைத்தான். எலக்ட்ரானுக்கு எடை இல்லாவிட்டாலும், அதை ஆட்டுகிற ஆம்ப்ளிஃபயருக்கு மந்தம் இருக்கிறதே! டெமோ மிஷினில் அதே ஐ.சி. மூன்றரை நானோ செகண்டில் எழும்பியது.

ஆனால் அலையின் தலையில் ஒரே நெளிசல். மிஷின் சரியில்லை என்று ரிப்போர்ட் எழுதத் தயாராகிவிட்டேன். சார் ஒன்றும் பேசாமல் புரோபின் 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் கிளிப் வயரைக் கழற்றிவிட்டு, முனையிலேயே குட்டி ஸ்பிரிங்கை மாட்டினார். நெளிசல் காணோம். அந்த வயரின் இண்டக்டன்ஸும் புரோபின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மணி அடித்திருக்கிறது. பழைய மிஷின் அதைக் காட்டவே முடியாத மிஷின். நல்லவேளை, ரிப்போர்ட் போகவில்லை.

இன்னும் இரண்டு சங்கதி பார்த்தோம். வினாடிக்கு 100 கோடி சாம்பிள் என்று அட்டையில் போட்டிருந்தது ஒரு சானலுக்குத்தான். இரண்டையும் போட்டால் பாதி. மெமரி 10,000 புள்ளி. அந்த வேகத்தில் அது 10 மைக்ரோ செகண்டில் நிரம்பிவிடும். 20 மில்லி செகண்ட் பார்க்க வேண்டுமென்றால் சாம்பிள் வேகம் வினாடிக்கு 5 லட்சமாக விழுந்துவிடும். அட்டையை நம்பி ஆற்றில் இறங்காதீங்க.

பிரவுனுக்கு நோபல் பரிசு கிடைத்தது குழாய்க்காக இல்லை, கம்பியில்லாத் தந்திக்காக. ஏரியல் சுற்றிலிருந்து தீப்பொறி இடைவெளியைப் பிரித்து வைத்து, காயில் வழியாக இணைத்தார். தூரம் கூடியது. 1909ல் மார்கோனியோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதற்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தார், அதுவே வினையாகப் போயிற்று. நியூயார்க் அருகே சேவில் என்ற ஊரில் ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த ரேடியோ நிலையத்தின் மேல் மார்கோனி கம்பெனி வழக்குப் போட்டது. சாட்சி சொல்ல, 1914 கடைசியில், உலகப்போர் நடக்கும்போதே, 64 வயதில் கப்பலேறினார். ஜென்னெக்கும் கூடப் போனார்.

திரும்ப முடியவில்லை. உடம்பும் சரியில்லை, கடலில் பிரிட்டிஷ் முற்றுகை வேறு. 1917ல் அமெரிக்காவும் போரில் இறங்கியதும் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். புரூக்ளினில் மகன் வீட்டில் தங்கியிருந்து, 1918 ஏப்ரல் 20ஆம் தேதி அங்கேயே கண்ணை மூடினார். போர் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. முடிந்தபோது ஸ்ட்ராஸ்பர்க் பிரான்சிடம் போய்விட்டது. அவருடைய அஸ்தியைப் பிறகு ஃபுல்டாவுக்குக் கொண்டுபோனார்கள்.

டெமோ மிஷினை வாங்கலாம், கூடவே ஸ்பிரிங் கிரவுண்ட் நாலு செட் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தோம். அதில் குழாய் கிடையாது, எல்.சி.டி.தான். பழைய சி.ஆர்.ஓ. கடைசி பெஞ்சில் இன்னும் ஓடுகிறது. அதற்குள் இருப்பதை ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிரவுன் குழாய் என்றுதான் சொல்கிறார்கள்.