எழுபது ரூபாய் ரேடியோ

கோத்தகிரியில் மே மாசம் கூட சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்காரணும். இல்லன்னா மிஸ்ட் வீட்டுக்குள்ளேயே வந்துடும். வெளியே போக முடியாத அந்த நேரத்துக்கு நல்ல பாட்டு கேட்க ஒரு ஸ்டீரியோ செட் வேணும்னு போன செமஸ்டர் லீவில் ஆசை வந்தது. கையில் இருந்தது ஆறாயிரம் ரூபாய். ஆன்லைனில் தேடினால் ஸ்பீக்கர் ஒயரே அந்த விலைக்கு இருக்கு. நம்ம பட்ஜெட்டுக்கு ஹை-ஃபை எல்லாம் ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

லீவு முடிந்து மலை இறங்கி, மேட்டுப்பாளையம் வழியா கோவை வந்து, காலேஜுக்குப் போக அவிநாசி ரோட்டைப் பிடித்தேன். 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலம் தலைக்கு மேலே ஓடுது. அதன் பெயர் ஜி.டி.நாயுடு மேம்பாலம். அந்தப் பெயரைப் படிக்கும்போதுதான் ஸ்கூலில் படித்த ஒரு வரி ஞாபகம் வந்தது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தவர் இந்த மனுஷன்தானே? இன்றைய பாஷையில் சொன்னால் பட்ஜெட் ஆடியோ. அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து அவர் வாழ்க்கையை முதலில் இருந்து படிக்க ஆரம்பித்தேன்.

பழைய வண்டி ஒன்று

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி கோவை பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, தொடக்கப் பள்ளியைத் தாண்டவில்லை. நம்மில் பலர் அரியர் வைத்ததற்கே வீட்டில் அடி வாங்கியவர்கள். அவர் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நாள் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊர்ப் பக்கம் வந்தார். மாடு இழுக்காமல், குதிரை இழுக்காமல் தானாக ஓடுகிற வண்டி. அதைப் பார்த்த இளைஞர் துரைசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று வருஷம் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, அந்த அதிகாரியிடமே அந்த வண்டியை விலைக்கு வாங்கினார்.

இங்கே கவனிங்க. அது செகண்ட் ஹேண்ட் வண்டி. வாங்கியவர் ஊரைச் சுற்றிக் காட்டுவதோடு நிற்கவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார், பிறகு திரும்பப் பூட்டினார். எந்த இன்ஜினியரிங் காலேஜும் பக்கத்தில் இல்லாத காலத்தில் அவருக்குக் கிடைத்த முதல் லேப் அந்தப் பழைய வண்டிதான். புது வண்டியாக இருந்தால் பிரிக்கக் கை வருமா? பழைய பொருளின் பெரிய லாபமே அதுதான். கெட்டுப் போனால் நஷ்டம் கம்மி, அதனால் திறந்து பார்க்கும் தைரியம் அதிகம்.

ஒரு பஸ், ஒரு ரேஸர், ஒரு மோட்டார்

நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, சம்பாதித்து, பம்பாய் வரை போய் கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். 1920-ல் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். நீலகிரிக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரில் குன்னூரில் இன்றும் ஒரு பள்ளி இருக்கு. பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு அந்த ஒற்றை பஸ்ஸை நாயுடுவே ஓட்டினார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனி நூற்றுக்கணக்கில் பஸ் வைத்திருக்கும் நிறுவனமாக வளர்ந்தது.

பணம் வந்ததும் ஆள் மாறவில்லை, பிரிக்கிற பொருள்தான் மாறியது. ஐரோப்பா போனார், ஜெர்மனி போனார், அங்கே இருந்த தொழிற்சாலைகளைப் பார்த்தார். ரசாந்த் என்ற பெயரில் ஒரு எலக்ட்ரிக் ரேஸர் அவர் பெயரைச் சொல்லும் பொருள். டார்ச் லைட்டுக்குப் போடுவது போன்ற சின்ன பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் அதற்குள் இருந்தது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதல் எலக்ட்ரிக் மோட்டாரைத் தயாரித்தார். கிணற்றுப் பாசனத்தை நம்பியிருந்த கொங்கு நாட்டில் அதன் மதிப்பு என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு கோவை என்றால் பம்ப் செட், மோட்டார் என்று சொல்கிறோமே, அந்தக் கதையின் முதல் பக்கம் அது.

1941-ல் ரேடியோ

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். சென்னையில் அகில இந்திய வானொலி 1938-ல் வந்தது, திருச்சியில் 1939-ல் வந்தது. கோவைக்கென்று தனி நிலையம் வர 1966 ஆகிவிட்டது. அதுவரை தூரத்து நிலையத்தை மீடியம் வேவில் பிடித்துத்தான் கேட்கணும். அதற்குத் தரமான செட் வேணும். அந்தச் செட்டுகள் கப்பலில் வருபவை. பெரிய வீடுகளின் ஹாலில், மேலே ஒரு துணி போர்த்தி வைக்கப்பட்டவை. வாங்கியதோடும் முடியாது, வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் வேறு கட்டணும்.

ஐந்து வால்வு செட் என்றால் என்ன? ஈ.சி.இ. பசங்களுக்கு இது சுலபமாகப் புரியும். பொதுவாக முதல் வால்வு நிலையத்தின் அலைவரிசையை ஒரு நிலையான இடை அலைவரிசைக்கு மாற்றும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரித்து முதல் கட்டமாகப் பெருக்கும். நான்காவது ஸ்பீக்கரை ஓட்டும். ஐந்தாவது, வீட்டுக் கரண்டை டிசி-யாக மாற்றிக் கொடுக்கும். அவ்வளவுதான். இதில் கடைசி மூன்றை மட்டும் பாருங்க: ப்ரீ-ஆம்ப், பவர் ஆம்ப், பவர் சப்ளை. இன்றைக்கு ஷோரூமில் கண்ணாடிக்குள் வைத்து விற்கும் ஆம்ப்ளிஃபையரின் எலும்புக்கூடும் இதேதான். வால்வு இருந்த இடத்தில் டிரான்சிஸ்டரோ ஐ.சி.-யோ உட்கார்ந்திருக்கும்.

அப்போ விலை எங்கே ஏறுது? உள்ளே இருக்கும் வால்வு, காயில், கண்டன்சர், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் ஒரு பங்கு. பளபள மரப் பெட்டி, கம்பெனிப் பெயர், கப்பல் கூலி, சுங்க வரி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்ந்து இன்னொரு பங்கு. வண்டியையும் ரேஸரையும் பிரித்துப் பார்த்த ஒருவருக்கு இந்த இரண்டு பங்கும் தனித்தனியாகத் தெரியும். கடை வாசலில் நின்று மொத்த விலையை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. 70 ரூபாய் என்ற அறிவிப்பை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது மந்திரம் இல்லை, கழித்தல் கணக்கு.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். நாயுடுவைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுகளில் அவர் உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார். ரேடியோவை அவர் கண்டுபிடிக்கவில்லை. இங்கேயே, இந்த விலைக்கு, செய்ய முடியும் என்றுதான் அறிவித்தார். வருஷம் 1941, உலகப் போர் நடக்கிறது. பாகங்கள் கடல் தாண்டி வரணும், ராணுவத் தேவைதான் முதலில். எழுபது ரூபாய் ரேடியோ தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பாடவில்லை. முடியும் என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அவர் வாழ்க்கையின் பின்பாதி முழுக்க அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் நடந்தது.

நம்ம காலேஜ்களின் கதை

1945-ல் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் அவர் முயற்சியில், அவர் கொடுத்த பொருளுதவியில் தொடங்கின. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரைச் சூட்டினார்கள். அவிநாசி ரோட்டில் பஸ் கண்டக்டர் ஹோப்ஸ், ஹோப்ஸ் என்று கத்துவாரே, அந்த ஹோப் இவர்தான். காலேஜ் பிறகு தடாகம் ரோட்டுக்கு மாறியது. இன்றைய ஜி.சி.டி. அதுதான்.

தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர் அங்கே முதல்வராக இருந்தார். நான்கு வருஷப் படிப்பு வீண், ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டே வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னது சரியா என்று நம்ம கேன்டீனில் ஒரு நாள் பூரா சண்டை போடலாம். கணக்கு, தியரி எல்லாம் இரண்டு வருஷத்தில் ஏறுமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் எட்டு செமஸ்டரில் ஒரு தடவை கூட ஒரு மெஷினைத் தானாகத் திறந்து பார்க்காமல் டிகிரி வாங்க முடிகிறதே, அது அவருக்குச் சாதகமான சாட்சி.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை, கார் அங்கேயே நின்றது. ரேடியோவில் நடந்தது போலத்தான் இதுவும். கைக்கு முடிந்தது, கட்டுப்படியாகும் விலையும் வந்தது, ஜனங்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1974 ஜனவரி 4-ஆம் தேதி அவர் காலமானார். அவர் சேர்த்த, செய்த பொருட்கள் அவிநாசி ரோட்டிலேயே அவர் பெயரிலான கண்காட்சியில் இருக்கு. மேம்பாலத்துக்கு மேலே போகாமல் ஒரு நாள் கீழே இறங்கிப் போய்ப் பாருங்க.

மீண்டும் ஆறாயிரம் ரூபாய்

அவர் கதையைப் படித்த பிறகு என் கணக்கை மறுபடி போட்டேன், இந்த முறை கழித்தல் கணக்கு. கோவையில் ஒரு பழைய பொருள் கடையில் அந்தக் காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 2,500. கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்ததால்தான் அந்த விலை. புது ஃபோமும் பசையும் 600 ரூபாய், ஒட்டுவதற்கு இரண்டு சாயங்காலம். போனில் இருந்து பாட்டு அனுப்ப ஒரு ப்ளூடூத் ரிசீவர் 700. சாதாரண செப்பு ஒயர், வால்யூம் கன்ட்ரோலின் கரகர சத்தத்துக்கு கான்டாக்ட் க்ளீனர், இரண்டும் சேர்த்து 400. மொத்தம் சரியாக ஆறாயிரம்.

செய்யப் போறவங்களுக்குச் சில விஷயம். பழைய ஆம்ப்ளிஃபையரை நேராக ப்ளக்கில் செருகாதீங்க. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி, பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கரை மாட்டும் முன்னால் அதன் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்து டிசி வோல்டேஜ் பாருங்க. சில பத்து மில்லிவோல்ட் என்றால் பயமில்லை, வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் காயில் கருகிவிடும். ஆஃப் பண்ணிய பிறகும் பெரிய கண்டன்சரில் கரண்ட் தேங்கி நிற்கும், கையை வைக்காதீங்க. பெட்டி மேல் எழுதியிருக்கும் ஆயிரம் வாட்டைப் பார்த்து மயங்காதீங்க. 84 டெசிபல் ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், அதே சத்தத்துக்கு நாலில் ஒரு பங்கு பவர் போதும். அந்தக் கால வால்வு ரேடியோ சில வாட்டிலேயே வீடு முழுக்கப் பாடியதற்கு இதுவும் ஒரு காரணம். மலைக்காரங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா குறிப்பு: செட்டை வெளிச் சுவரை ஒட்டி வைக்காதீங்க, தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க. அந்தச் சூட்டில்தான் ஈரம் போகும், பூஞ்சை பிடிக்காது.

தீபாவளி லீவில் செட்டை கோத்தகிரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் சாத்தியாச்சு, வெளியே மிஸ்ட். அப்பா முதல் பாட்டு முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து, மூடியைக் கழற்றி உள்ளே எப்படி இருக்குன்னு காட்டச் சொன்னார். ப்ளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலேயே கொடுத்தேன்.